லோகாம்பாள் அத்தையும் கிணற்றடி எலுமிச்சையும்

என் அத்தை லோகாம்பாள், பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் தெருவில் எலுமிச்சம்பழம் விற்றாள். மாதத்தில் மூன்று நாள் மட்டும் கூடையைத் தொட மாட்டாள். அந்த நாட்களில் அவள் அண்ணன் மகள் நான் உட்காருவேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலை கிடைக்காமல் இருந்த எனக்கு, வீட்டை விட்டு வெளியே வர அது ஒரு சாக்கு.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அப்பா வைத்த எலுமிச்சைச் செடி ஒன்று உண்டு. அந்த மூன்று நாளும் அத்தை அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள்.

விலக்கான பெண்ணின் நிழல் பட்டால் எலுமிச்சை பட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். அத்தையைத் தென்னேரியில் தர்மன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏரிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு எலுமிச்சைத் தோப்பு இருந்தது. கல்யாணமான மறு வருஷம் ஒருநாள், எல்லோரும் நாற்று நடப் போயிருந்தபோது, ஒரு ஆடு வேலியைப் பிய்த்துக்கொண்டு தோப்புக்குள் புகுந்துவிட்டது. விலக்காகித் தனியே உட்கார்ந்திருந்த அத்தை பதறி ஓடிப்போய் அதை விரட்டினாள். தோப்பைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் மாமியார் பொன்னியம்மாளிடம் அவளே அதைச் சொல்லவும் சொன்னாள்.

சில மாதங்களில் மரங்களின் இலை வெளுத்தது. கொம்புகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன. பழம் சிறுத்துப் போயிற்று. பிழிந்தால் கொட்டைதான் விழுந்தது.

"தோப்பத் தின்னுட்டு, இப்ப சோத்துக்கு வந்து உக்காந்துக்கினு இருக்கிறா பாரு" என்று பொன்னியம்மாள் தினமும் சொல்வாளாம். தர்மன் மாமா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கடைசி மரத்தை விறகுக்கு வெட்டிய பிறகு, அவரே அத்தையை எங்கள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். கொஞ்ச காலத்தில் வேறு கல்யாணமும் செய்துகொண்டார்.

அத்தை அவர்களைத் திட்டி நான் கேட்டதில்லை. "நான் செஞ்சதுக்கு அவங்க என்னா பண்ணுவாங்க?" என்பாள்.

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், பழம் வரத்து ரொம்பக் குறைந்துபோனது. வந்த பழமும் கோலிக்குண்டு மாதிரி இருந்தது. பட்டு நெய்கிற வீட்டுக் கிருஷ்ணவேணி, பழத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டே அத்தையிடம் குறைப்பட்டாள்.

"புள்ளைக்குப் பல் ஈறுல ரத்தம் வருதுன்னு டாக்டர்கிட்ட போனேன். வைட்டமின் சி இல்லையாம், எலுமிச்சஞ்சாறு குடுன்னாரு. நீ விக்கிறத நாலு பிழிஞ்சாலும் ஒரு கரண்டி தேறல. தோலுக்கா லோகா நான் காசு குடுக்கிறது?"

"மரத்துக்கே உடம்பு சரியில்லன்னா பழத்துல என்னா இருக்கும்? இந்தா, இதையும் எடுத்துக்கினு போ" என்று அத்தை கூட ஒன்றைப் போட்டாள்.

மறுநாள் மண்டிக்கு நானும் அவளோடு போனேன். மண்டிக்காரர் சிட்டிபாபுவுக்கு ஆந்திராவில் கூடூர்ப் பக்கம் சொந்தம். ஏன் இப்படிப் பழம் வருகிறது என்று அத்தை கேட்டாள்.

"எங்க ஊர்லயே மரமெல்லாம் நுனியிலேர்ந்து காஞ்சிக்கினு வருதுக்கா. எலுமிச்சை, சாத்துக்குடி எதையும் வுடல. நாடு பூரா ரொம்ப வருஷமா இருக்கிற நோயாம். அசுவினிப் பூச்சி பரப்புதாம், ரேடியோவுல சொன்னாங்க. எங்க பெரியப்பா தோப்பு மொத்தமும் போச்சு."

அத்தை கூடையைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தோப்புல பொம்பளைங்க யாராச்சும் போனாங்களாப்பா?"

சிட்டிபாபு சிரித்தார். "பொம்பளையா? அவரு கல்யாணமே கட்டாத ஆளுக்கா. காக்கா குருவி கூட அவரைக் கேட்டுட்டுத்தான் உள்ள போவும்."

அத்தை சிரிக்கவில்லை. அன்றைக்குப் பழம் எடுக்காமலே திரும்பினோம்.

நான் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "இப்பவே தென்னேரிக்குப் போறேன். அவனை நாலு பேர் நடுவுல நிக்க வெச்சிக் கேக்கிறேன்."

"உக்காருண்ணா" என்றாள் அத்தை. "அவருக்கு இப்ப கட்டினவகிட்ட ரெண்டு புள்ளைங்க இருக்குது. பூச்சி பண்ண வேலைன்னு சொல்லி, என்னைத் தள்ளி வெச்சதே தப்புன்னு ஆயிட்டா, அந்தப் புள்ளைங்க எங்க போவும்?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இத்தினி வருஷமும் தப்பு பண்ணேன், அனுபவிக்கிறேன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. ராத்திரி தூக்கம் வந்துச்சு. இனிமே என்னான்னு நெனச்சிக்கினு படுக்கிறது?"

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் நான் அதை வீட்டில் சொன்னேன்.

அடுத்த முறை விலக்கானபோது அத்தை கிணற்றடிக்குப் போனாள். ஒரு குடம் தண்ணீர் இறைத்துச் செடிக்கு ஊற்றினாள். ஒவ்வோர் இலையாகத் தொட்டாள். மூன்று நாளும் அப்படியே செய்தாள். அதன் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் முதலில் போய் அதைத்தான் பார்த்தாள். ஒரு இலையாவது வெளுக்காதா என்று அவள் தேடியதாகவே எனக்குத் தோன்றியது.

செடி வாடவில்லை. மாசியில் பூ விட்டது.

பூவைப் பார்த்த அன்று அத்தை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன்.