மூடக் கூடாத நீல டப்

டப்பைக் கவிழ்த்தபோது அம்மா அதற்குள் பார்த்தாளா, இல்லையா? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் தெரியவில்லை. பால்கனிக் கதவை ஒட்டி நான் நின்றிருந்தேன். என்னைத் தவிர அதைப் பார்த்தவர் மாமா ஒருவர்தான். அவர் இருந்த இடத்திலிருந்து அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் நான்காம் வகுப்பு. தம்பிக்கு மூன்று வயது. எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணமாகி வந்தபோது கையோடு கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அறிமுகம் செய்து வைப்பார்: "எங்க மாமனார் வீட்டு சீர்வரிசை. ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு மச்சான்." மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மாமாவுக்கு தி.நகரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கம்ப்யூட்டர்தான். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து அவரே பூட்டியது. அதை 'மெஷின்' என்றுதான் சொல்வார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டிருந்ததால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். அதில் எங்களை விளையாட விடமாட்டார். அது ராத்திரி பகல் பார்க்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

என்ன கணக்கு என்று நான் கேட்டபோது அம்மாவின் பின்னலிலிருந்து மல்லிகைச் சரத்தை உருவி மேஜைமேல் போட்டார்.

"பாரு பாப்பா, இப்ப ஒரு மாதிரி சுருண்டுச்சா? திரும்பப் போடறேன் பாரு. வேற மாதிரி. நம்ம உடம்புக்குள்ள இந்த மாதிரி எத்தனையோ சரம் இருக்கு. ஒழுங்கா சுருண்டா ஒண்ணுமில்ல. தப்பா சுருண்டா வியாதி. எப்படி எப்படி சுருளும்னு கணக்குப் போட்டாதான் மருந்து செய்ய முடியும். ஒரு கம்ப்யூட்டரால ஆகற காரியமா? அதான் உலகம் பூரா வீட்டுக்கு ஒரு துண்டா பிரிச்சு அனுப்பறாங்க. நம்ம வீட்டுக்கும் ஒரு துண்டு வருது."

"பூவக் கசக்காதடா, இப்பதான் வாங்கினேன்" என்றாள் அம்மா. ஆனால் அன்று மாலை கீழ் வீட்டு அம்மாளிடம் தன் தம்பி மருந்து கண்டுபிடிப்பதாக அவள் சொன்னதை நான் கேட்டேன். அந்தக் குரலில் இருந்த பெருமையை என் பள்ளிக்கூட மார்க்குகளுக்கு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தன் பங்குக் கணக்கைச் சீக்கிரம் முடித்து அனுப்ப வேண்டும் என்பது மாமாவின் ஆசை. முடித்தவர்களின் வரிசை ஒன்று இணையத்தில் வரும். "அத்தான், ஒரு ஜெர்மனிக்காரன முந்திட்டேன்" என்பார். அதற்காக, பாகங்களைச் செய்த கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கும் மேலே மெஷினை விரட்டினார். விரட்டினால் சூடேறும். சூடேறினால் கணக்குத் தப்பும், அல்லது மெஷின் தானாகவே நின்றுவிடும். பனி பெய்கிற ஊரில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமாளித்தார்கள். நாங்கள் சித்திரை மாதத்து மந்தைவெளியில் இருந்தோம். ஹாலில் இருந்த டேபிள் ஃபேன் முதலில் மாமாவின் அறைக்குப் போனது. பிறகு அப்பாவின் தலைமாட்டில் இருந்ததும் போனது.

"உலகத்துக்கே மருந்து தேடறான். எனக்கு வேர்க்குரு வந்திருக்கு, அதுக்கு ஏதாவது வருமான்னு கேளு" என்றார் அப்பா.

ஃபேன் காற்றே சுடுகாற்றாக இருந்ததால் மாமா தண்ணீருக்கு மாறினார். மெஷினின் மூளைமேல் உட்காரும்படி ஒரு செம்புக் கட்டியை அவரே அராவிச் செய்தார். மீன் தொட்டிக்கு விற்கிற சின்ன மோட்டார் ஒன்று வந்தது. பால்கனியில், அம்மா துணி ஊற வைக்கும் பெரிய நீல டப்பில் தண்ணீர். மோட்டார் அதை ரப்பர் குழாய் வழியாக அறைக்குள் ஏற்றும். செம்புக் கட்டியின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் தண்ணீர், நிறுத்தி வைத்த ஒரு பிளாஸ்டிக் பைப்பின் உச்சியிலிருந்து பூவாளி மாதிரி சிதறி மறுபடி டப்பில் விழும். விழும்போது காற்றுப் பட்டு ஆறிவிடும். நாள் முழுவதும் வீட்டில் ஒரு மழைச் சத்தம் இருந்தது. தம்பியும் நானும் அதன் கீழே காகிதக் கப்பல் விட்டோம்.

"இத மட்டும் மூடிடாதக்கா. மூடினா சூடு போகாது" என்றார் மாமா.

"கொசு வராதாடா?"

"ஓடற தண்ணியில கொசு முட்டை வைக்காதுக்கா. நிக்கற தண்ணியிலதான்."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. மாமா சொன்னால் அவளுக்குச் சரி. லாரித் தண்ணீரில் தினமும் ஒரு குடத்தை டப்புக்கென்று அவளே ஒதுக்கி வைத்தாள்.

தம்பி இந்தக் கதையில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டான். இந்தக் குழாய் வழியாக ஒருநாள் மருந்து வரப்போகிறது. மாமா ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"மருந்து வந்துடுச்சா?"

"வந்துட்டே இருக்குடா. இப்பதான் லஸ் கார்னர்."

"நேத்தும் லஸ்னுதானே சொன்ன?"

"சிக்னல்ல மாட்டிக்கிச்சு."

ஐப்பசி மழையில் டெலிபோன் லைன் செத்தது. லைன் இல்லையென்றால் இணையம் இல்லை, கணக்கும் வராது. அதே சமயம் ஆபீஸில் மாமாவை ஹைதராபாத்துக்கு வேலையாக அனுப்பினார்கள். மெஷினையும் மோட்டாரையும் அணைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"டப்ப அசைக்காதக்கா, பைப்பெல்லாம் அளவு பாத்து வெச்சிருக்கேன். மார்கழி வரட்டும். குளிருக்கு இன்னும் எவ்வளவு வேகம் ஏத்தறேன் பாரு."

அம்மா அசைக்கவில்லை. பால்கனியைப் பெருக்கும்போதுகூட டப்பைச் சுற்றித்தான் பெருக்கினாள். துணியைக் குளியலறையில் ஒரு பக்கெட்டில் ஊற வைத்தாள்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது கார்த்திகையில். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கசப்பு சிரப்பைத் துப்பிவிட்டு, மாமாவின் மருந்துதான் வேண்டும் என்று அழுதான். "லஸ் தாண்டிடுச்சுடா கண்ணு, இதோ வந்துடும்" என்று அப்பா சொன்னார். காய்ச்சல் விட்ட பிறகுதான் அவன் துவண்டு போனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்னைக் கீழ் வீட்டில் விட்டுப் போனார்கள். கொசுக்கடியால் வருகிற காய்ச்சல், ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்று அந்த வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டார்கள். மாமா ஹைதராபாத்திலிருந்து வந்து சேர்ந்தபோது தம்பி இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு முற்பகலைத்தான் நான் சொல்ல வந்தேன். அப்பா ஏதோ வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அம்மா கூடத்துச் சுவரோரமாகப் படுத்திருந்தாள். நாள்கணக்கில் அப்படியே படுத்திருந்தாள். மாமா தன் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற ஒரே ஆள் எழுந்திருக்கவில்லை.

கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு குழந்தை போய்விட்டதால் கார்ப்பரேஷனிலிருந்து வீடு வீடாகத் தண்ணீரைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, தண்ணி எதுனா தொறந்து வெச்சிகீறீங்களா? டிரம்மு, டப்பு, தேங்கா ஓடு எதுனா கீதா?"

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். டப்பின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றித் தூக்கிச் சாய்த்தாள். நிறைய மழைத் தண்ணீர் இருந்தது. பைப் சரிந்து விழுந்தது. தண்ணீர் முழுவதும் தரையில் பரவி மூலையிலிருந்த ஓட்டை வழியாக இறங்கிப் போனது. அது முடிகிறவரை அம்மாவின் முகம் தெருப் பக்கமாக இருந்தது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பச்சைப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லது பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

நான் திரும்பிப் பார்த்தால் மாமா எழுந்து நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார்ப்பரேஷன் ஆள் மேலே வந்தார். எங்கள் வீடு எந்த வீடு என்று கீழேயே சொல்லியிருப்பார்கள். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "நீ ஒக்காரும்மா. நானே பாத்துக்கறேன்." கவிழ்ந்து கிடந்த டப்பைத் திருப்பி டார்ச் அடித்தார். "இதுல ஒன்னியும் இல்ல." தொங்கிய ரப்பர் குழாயைப் பார்த்து, "இது இன்னாதுமா?" என்றார்.

"கம்ப்யூட்டருக்கு" என்றாள் அம்மா.

பிறகு அவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்து சொன்னார்: "மேல டாங்க்கு மூடி ஒடஞ்சி கீதும்மா. உள்ள ஒரே புழு. மருந்து ஊத்திகீறேன். ஓனராண்ட சொல்லி மொதல்ல மூடிய மாத்தச் சொல்லு."

அம்மா தலையாட்டினாள். மாமாவின் அறைக்கதவு அப்போதும் மூடியிருந்தது. உள்ளே ஸ்க்ரூ கழற்றும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மெஷின் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அந்த மாதத்துக்குள் மாமா திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்குக் குடி போனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அம்மா அவருக்கு இலை போட்டுப் பரிமாறுவாள், மோர் ஊற்றும்போது "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோடா" என்பாள். சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அப்பா அதற்குப் பிறகு சீர்வரிசை ஜோக்கைச் சொல்லவில்லை.

அந்த வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம் அம்மா மாமாமேல் கோபமாக இருக்கிறாள் என்பதுதான். வேண்டிய நேரத்தில் ஊரில் இல்லாததற்காக அவருடைய டப்பைக் கவிழ்த்துவிட்டாள் என்று நினைத்தேன். மழைச் சத்தம் இனி வராதே என்று எனக்குக்கூட அவள்மேல் கொஞ்சம் கோபம்.

எனக்கு மகன் பிறந்து, அவனைத் தொட்டிலில் போட்டு கொசுவலையின் நுனிகளை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வேறு மாதிரி தோன்றியது. யாரும் பார்ப்பதற்குள் அதைக் கொட்டிவிட வேண்டும் என்றுதான் அவள் எழுந்தாளோ? உள்ளே புழு இருந்ததா என்று கார்ப்பரேஷன் ஆளுக்கோ, அப்பாவுக்கோ, தனக்கோகூடத் தெரிந்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ? தெரிந்துவிட்டால் அப்புறம் அவள் வளர்த்த இன்னொரு பிள்ளையும் போய்விடுவானே. இப்படி நினைத்து இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. டப்பை அசைக்காமல் வைத்திருந்தவள் அவளும்தான். தனக்காகவும் கொட்டியிருக்கலாம். அழுகையை மறைக்க முகத்தைத் திருப்பியிருக்கலாம். கவிழ்ப்பதற்கு முன்பே ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "அம்மா, அந்த நீல டப்புல..."

"குழந்தைக்குக் காலுக்கு சாக்ஸ் போடு. சாயங்காலம் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே. இனி கேட்பதற்கு ஆளில்லை.

மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டிவாக்கத்தில் தனியாக இருக்கிறார். போன வாரம் அடையாற்றில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகனுக்கு இப்போது மூன்று வயது. அவன் என் லேப்டாப்பின் அடிப்பக்கம் ஏன் சுடுகிறது என்று கேட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம். அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பையனுக்கு ஒரு மெஷின் கட்டித் தரட்டுமா பாப்பா?"

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டு எத்தனையோ வருஷம். நான் மகனிடமிருந்து லேப்டாப்பை வாங்கி மூடி வைத்தேன். அவரே மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "தண்ணியெல்லாம் இல்லம்மா. வெறும் ஃபேன்தான்."

அவர் போன பிறகு அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஃபேனே போதும், தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அல்லது இத்தனை வருஷமாக அவர் அந்தப் பால்கனியிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அப்படியானால் நான் அவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மொட்டை மாடி டாங்க்கில் புழு இருந்தது. அம்மா உங்களைக் குற்றம் சொல்வதற்காக அதைக் கவிழ்க்கவில்லை, உங்களைக் காப்பாற்றத்தான் கவிழ்த்தாள். முதலாவது என் காதால் கேட்டது. இரண்டாவதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

என் கணவர், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, சரின்னு சொல்லிடு" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். டாங்க் விஷயத்தை அப்பா அப்போதே மாமாவிடம் சொல்லியிருக்கலாம். மாமாவுக்கு டப்பைப் பற்றிய எண்ணமே இல்லாமலும் இருக்கலாம், வெறும் துக்கத்தில்தான் விலகிப் போயிருக்கலாம். அப்படியிருந்தால், இந்த வயதில் அந்த எண்ணத்தை அவருக்குள் கொண்டுபோய் வைத்தவள் நானாகிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கிற உங்களில் யாராவது, நெருங்கின ஒருவரிடம் இப்படி ஒன்றைச் சொல்லியோ சொல்லாமலோ இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் வீட்டுக்கு வருவது குறைந்ததா, கூடியதா? அது தெரிந்தால் போதும்.