புண்ணுக்காரன் பொட்டலம்

அப்பாவின் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்து மூன்று மாதமாகியிருந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், மிளகு பறித்து முடியட்டும் என்பார். தினமும் வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் புண் பிடித்த வாயை அவர் கவனித்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சோளக்காடு பஸ் நிறுத்தக் கடைக்கு அவருடன் போன அன்றுதான் விஷயம் தெரிந்தது. கடைக்காரர் நீட்டிய பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பா, "இது வேண்டாமுங்க, டூப்ளிகேட்டு. புண்ணுக்காரன் படம் போட்டதுதான் ஒரிஜினலு" என்றார்.

எச்சரிக்கைப் படத்தை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவரோ பழைய படத்தை இத்தனை நாளும் கம்பெனியின் முத்திரை என்று நம்பியிருக்கிறார்!

"அப்பா, அது வாங்காதீங்கன்னு போட்ட படமுங்க!"

"வாங்கக் கூடாதுன்னா எதுக்குக் கண்ணு விக்கறாங்க?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பழைய பொட்டலம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போன வாரம் ஊர் நர்ஸிடம் காட்டுவதற்காக டார்ச் அடித்து எடுத்த படம் என் போனில் இருந்தது. அதை அப்பாவிடம் நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனிது கண்ணு?"

"உங்க வாய்ங்கப்பா!"

நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார்.  பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "நாளைக்கு நாமக்கல்லுக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

கேட்டுக்கொண்டே புண்ணுக்காரனை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.