செக்கிங் அக்காவும் திறக்காத கதவும்

தையல் ஆலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேசை. சட்டையை உள்ளும் புறமுமாகப் புரட்டி, காலர், கை மூட்டு, பட்டன் துளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கோணல் கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பதினாறு வருடமாக இதுதான். தைக்கிறவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஆனால் தங்கள் வீட்டு விசேஷத்துக்குத் துணி எடுத்தால் முதலில் அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

ஷிப்ட் மதியம்தான். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீடியோ கேம் கண்ட்ரோலரைக் கையில் எடுத்துவிட்டால், பக்கத்து வீடு இடிந்தாலும் அவளுக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் இதென்ன விளையாட்டு என்று உறவுக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள். சீரியல் பார்க்கிறவர்களிடம் யாரும் வயதைக் கேட்பதில்லையே என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

விளையாடியதைப் பற்றி இணையத்தில் 'செக்கிங் அக்கா' என்ற பெயரில் எழுதவும் செய்வாள். விளையாட்டுக்குள் நிஜக் காசு கொடுத்துப் பெரிய வாள் வாங்குகிறவனை அவள் ஆட்டக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லாத விளையாட்டைச் செய்தவன் ஒருநாளும் அடுப்பில் பால் வைத்திருக்க மாட்டான் என்பது அவள் கட்சி. ஒருமுறை இணையத்தில் கூட ஆடிய எவனோ ஒருவன் ஹெட்செட்டில் கெட்ட வார்த்தையாகக் கொட்டியபோது, "தம்பி, மூச்சு வாங்குது பாரு. தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தைத் திட்டு" என்றாள். அவன் அந்த வாரம் முழுக்க மைக்கைப் போடவே இல்லை. முடிக்காத விளையாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டாள் என்பதால் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

அவள் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் நாத்தனார். நல்ல வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அதை வெளியிடும் நிறுவனத்தார் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வெளியே வரும். பிடிக்காவிட்டால் இரண்டு வருட உழைப்பும் லேப்டாப்புக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சனிக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து டிவியில் இணைத்தாள்.

"எனக்காகப் பூசி மெழுக வேண்டாம் அண்ணி."

"நான் என்னைக்குப் பூசி மெழுகியிருக்கேன்? பின்னால போய் உக்காரு. எங்க மாட்டிக்கிட்டாலும் வழி சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை அவங்க பக்கத்துல நீ உக்காந்து சொல்லித் தர முடியாதுல்ல."

ஊரைவிட்டுப் போன ஒரு பெண், தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க மலை தாண்டித் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. பாலம் ஆடுவதைப் பார்த்துச் செக்கிங் அக்கா தலையாட்டினாள். மழை வந்த விதத்துக்கு இன்னொரு தலையாட்டல். நாத்தனாருக்கு உயிர் வந்தது. கடைசியில் வீடு வந்தது. கதவு சாத்தியிருந்தது.

பச்சைப் பட்டனை அமுக்கியதும் அந்தப் பெண் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். வீட்டைச் சுற்றி வந்தாள். பூந்தொட்டிகளைப் புரட்டிச் சாவி தேடினாள், கூரைமேல் ஏறிக் குதித்தாள், ரகசிய வழி இருக்கும் என்று சுவர்களை ஒவ்வொன்றாக இடித்துப் பார்த்தாள். முப்பது வருட ஆட்டத்தில் கற்ற வித்தை எல்லாவற்றையும் இறக்கியாகிவிட்டது. நாற்பது நிமிடம் போனது. பின்னால் நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கதவுல கோளாறு" என்றாள் அண்ணி.

"இல்லண்ணி. சரியாத்தான் இருக்கு."

"அப்ப எடுத்துடு. வர்றவங்க அஞ்சு நிமிஷம் பார்ப்பாங்க, மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க."

நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. அந்தக் கதவுக்காகத்தான் அவள் மலையையே செய்திருந்தாள். ஆனாலும், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்தாள்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர், துவைத்த துணிகளை மடித்து வைத்துவிட்டு அப்போதுதான் வந்தார். கண்ட்ரோலரைத் தூசி துடைப்பதற்காக மட்டுமே தொட்டிருக்கிற மனிதர். தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க குடு, எதை அமுக்கணும்?" என்றார். அமுக்கினார். அந்தப் பெண் ஒருமுறை தட்டினாள். அவர் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"என்ன சும்மா உக்காந்துட்டீங்க? அமுக்குங்க."

"தட்டியாச்சே. உள்ள அம்மாதானே இருக்காங்க? எழுந்து வர வேண்டாமா?"

கதவுக்கு உள்ளேயிருந்து செருப்பு தரையில் தேய்கிற சத்தம் மெல்லக் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

"ஒவ்வொரு தடவை நீங்க தட்டும்போதும், குதிக்கும்போதும் அவங்க பயந்து நின்னுடுவாங்கண்ணி" என்றாள் நாத்தனார், இப்போது பேசலாம் என்பதால்.

செக்கிங் அக்காவுக்கு மாமியார் நினைவு வந்தது. அவர் இறந்து மூன்று வருடம். கடைசிக் காலத்தில் முட்டி வலியோடு அவர் வாசலுக்கு வந்து சேர நேரமாகும். வேலை முடிந்த களைப்பில் இவள் வெளியே நின்று கதவை விடாமல் தட்டியிருக்கிறாள். உள்ளே அந்தக் கால்கள் எப்படிப் பதறியிருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"நீங்களே மாட்டிக்கிட்டீங்கன்னா அவங்க எங்க? சரிண்ணி, கதவை எடுத்துடறேன்."

"எடுத்தியோ, உன்கூடப் பேச மாட்டேன். கோணல் என் கையில, உன் கதவுல இல்ல."

"வெள்ளிக்கிழமை வர்றவங்க?"

"அவங்களும் என்னை மாதிரிதான் குதிப்பாங்க. குதிக்கட்டும். அந்தச் செருப்புச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வை. முதல் தடவை தட்டினதுமே காதுல விழணும். விழுந்தும் நிக்கலைன்னா அது அவங்க தப்பு, உன் தப்பு இல்ல. இதை நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

சொல்லிவிட்டு, கதவைத் தட்டுவதற்கு முன்னால் சேமித்துவைத்திருந்த இடத்துக்கு ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுபோனாள். விடை தெரிந்துவிட்டால் விளையாடியதாக ஆகிவிடுமா? பச்சைப் பட்டனை ஒருமுறை அமுக்கி, கண்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். விரல்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து வந்து, பாதி வழியில் நின்றது.

"ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள் டிவியைப் பார்த்து. "மெதுவா வாங்க, அத்தை."