குளியல்: பாதி

மனச்சோர்வில் விழுந்தவர்களின் நாளை மறுபடியும் நாளாக்கித் தருவதுதான் அவர் வேலை. எப்போது எழுவது, எவ்வளவு உழைப்பது, எவ்வளவு ஓய்வு என்று ஆளுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பார். மருந்து டாக்டர் பாடு, நாள் இவர் பாடு. மருத்துவமனை மாடியில் ஒரு மேசையும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்ட அறை. பதினெட்டு வருடமாக, வருகிறவர்களுக்கெல்லாம் கட்டம் போட்ட தாளை நீட்டியதில் 'அட்டவணை அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. இப்போது யாராவது 'மேடம்' என்றால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

அந்த அறைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். வந்தார் என்பதைவிட, மனைவி கொண்டு வந்து சேர்த்தார் என்பதே சரி. எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்திலிருந்து போன் வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன், ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதமாகக் கட்டிலே கதி. லீவு இன்னும் ஆறு வாரம்தான். அதற்குள் திரும்பாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிடும். திரும்பிப் போய்ப் பழையபடியே ஓடினாலோ, மறுபடியும் கட்டில்தான்.

அக்கா உற்சாகமாகக் களத்தில் இறங்கினார். ஆறு மணிக்கு எழுவது, குளியல், நடை, செய்தித்தாள், மனைவிக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது என்று பதினான்கு கட்டம். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த வாரம் பார்த்தால் அத்தனை கட்டத்திலும் டிக். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். மூன்றாவது வாரமும் அப்படியே. மனைவி மட்டும் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"என்னம்மா, உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

"என்னத்தச் சொல்லக்கா? இங்க கிளம்பறதுக்கு முன்னால கட்டில்ல படுத்துக்கிட்டே எல்லா டிக்கையும் ஒரே மூச்சுல போடறாரு. ஏங்க இப்படின்னு கேட்டா, பாவம் அந்தக்கா, மனசு கஷ்டப்படுவாங்கங்கறாரு."

அக்காவுக்கு நல்ல மூக்குடைப்பு. நோயாளி வந்து தனக்கு ஆறுதல் சொல்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் மெக்கானிக் அசடு வழிய உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்ததும் கோபிக்கத் தோன்றவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். உங்க வேலையில லிஃப்டைப் பாக்காமலே சர்வீஸ் கார்டுல டிக் போடுவாங்களா?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடுவானுங்கக்கா, சோம்பேறிப் பசங்க! அப்படி ஒருத்தனை நான் கையும் களவுமா பிடிச்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார். அடுத்த நொடி மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கணவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் மனைவிக்கு உறைத்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான்," என்றார் அக்கா. "எந்திரிக்கவே முடியாத ஆளுக்குப் பதினாலு வேலை குடுத்திருக்கேன். நீங்களே சொல்லுங்க, எத்தனை போடலாம்?"

"மூணு," என்றார் மெக்கானிக், யோசித்துவிட்டு. "ஆனா டிக் வேணாங்க்கா. சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி, என்ன நடந்துச்சோ அதை எழுதறேன்."

எழுதினார். 'குளியல்: பாத்ரூம் கதவு வரை சென்றேன். திரும்பிவிட்டேன்.' மறுநாள், 'குளியல்: பாதி. தலைக்கு ஊற்றவில்லை.' வியாழக்கிழமை, 'குளியல் முழுமை. சத்தம் இல்லை.' அதற்குக் கீழே, 'நடை: தெருமுனை வரை. எதிர்வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்ததால் தாமதம்.' ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே வரி: 'முழுநாளும் பழுது.'

"சத்தம்னா என்ன தம்பி?"

"காலையில கண்ணு முழிச்சதும், எதுக்குடா எந்திரிச்சேன்னு உள்ள ஒரு சத்தம் கேக்குங்க்கா. அன்னிக்குக் கேக்கல."

அக்கா ஞாயிற்றுக்கிழமை வரியைத் தொட்டு, "பழுதுன்னு மறைக்காம எழுதினீங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும்," என்றார்.

லீவு முடிகிற வாரத்துக்குள் மூன்று கட்டம் ஆறாகியிருந்தது; ஆறாவது, மதியத்துக்கு மேல் மகளோடு ஒரு மணி நேரம். முதல் மாதம் மதியம் ஒரு மணி வரை மட்டுமே வேலை என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். கம்பெனி சூப்பர்வைசரிடம் அக்காவே பேசினார். அவர் 'ம்' என்றதில் சம்மதம் பாதி, சலிப்பு பாதி.

திங்கட்கிழமை மெக்கானிக் வேலைக்குப் போனார். செவ்வாயும் போனார். புதன் மதியம் சூப்பர்வைசரிடமிருந்து போன். ஆள் மறுபடியும் படுத்துவிட்டாரோ?

"என்னங்க, எங்க ஆளை இப்படிக் கெடுத்து வெச்சிருக்கீங்க?" என்று சூப்பர்வைசர் எடுத்த எடுப்பிலேயே குதித்தார். "ஒரு மணி ஆனதும் பையை மூடிட்டான். இன்னும் ஒரே ஒரு பில்டிங் பாத்துட்டுப் போப்பான்னு கெஞ்சறேன், முடியாது சார்ங்கறான். மகளுக்கு சைக்கிள் கத்துக் குடுக்கணுமாம்! பதினஞ்சு வருஷத்துல அவன் வாயில முடியாதுங்கற வார்த்தையை நான் கேட்டதே இல்லீங்க!"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு ஆசை தீரச் சிரித்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இனிமே கேப்பீங்க சார், பழகிக்குங்க," என்றார்.