மாடவீதி பேசிய கம்ப்யூட்டர்

கஸ்தூரிரங்கன் சார் அப்போது புதிதாக வந்திருந்த பேஜர் கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பஸ் போய்விடும். தெற்கு மாட வீதியில், தனபாலன் மாடியில் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் எங்களுக்கு வாத்தியார் அவர்தான். பாதிப் பாடம், பாதி ஆராய்ச்சி. சினிமாவில் கம்ப்யூட்டர் என்றால் பீப் பீப் என்று கத்துகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. நிஜக் கம்ப்யூட்டர் இரண்டும் செய்யாததால்தான் ஊரில் அதற்கு மரியாதை இல்லை என்பார். இதை மூக்கால் பேசிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டபடி சொல்ல வேண்டும். நான் சொல்லிக் காட்டினால் வகுப்பே சிரிக்கும், அவரும்தான்.

"கரண்ட் போனா எல்லாரும் அதைத் தமிழ்லதான் திட்டறா. அது மட்டும் பதில் பேசப்படாதா?" என்று ஒருநாள் கேட்டவர், அதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஆளுக்கு எல்லா எழுத்தும் அழகாக வராது என்பது அவர் கட்சி. பாட்டு டீச்சர் நீரஜாவிடம் ழகரம், ஆட்டோ பொன்னுரங்கத்திடம் டகரம் என்று ஆளுக்கொரு எழுத்தாக மைக்கில் பிடித்தார். பல குரலில் பேசுகிற எனக்குச் சொந்தக் குரலே இல்லையாம். என்னிடம் எடுத்தது மூச்சு விடும் சத்தம் மட்டும்.

குரல்கள் சேரச் சேர டிஸ்க்கில் இடம் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அது ஒழுங்காகப் பேசாவிட்டால் மொத்தத்தையும் அழித்துவிடுவதாகத் தனபாலன் சொல்லிவிட்டார். சார் இரண்டு நாள் பேஜரைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

ஞாயிறு காலை சார் ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்துவிட்டுக் கீபோர்டைத் தட்டினார். "கீழே நிற்காதீங்க, மாடிக்கு வாங்க" என்றது கம்ப்யூட்டர். 'கீழே' கச்சேரி மாதிரி இழுத்தது. 'மாடி' ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அதட்டியது. நடுவில் நான் மூச்சு விட்டேன். தனபாலன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

கீழேயிருந்து பொன்னுரங்கம் கேட்டார்: "நைனா, மேல நான் பேசிக்கினு கீறேன். அப்போ இங்க நிக்கிறது யாரு?"

ஸ்டாண்டே மாடி ஏறியது. பின்னாலேயே நீரஜா டீச்சர், பூக்கடைக்காரர்கள். ஒவ்வொருவரும் தன் எழுத்து வரும்போது பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டினார். மறுபடி போடு, மறுபடி போடு என்று ஒரே ரகளை.

கூட்டம் கலைந்ததும் தனபாலன் மெதுவாகக் கேட்டார்: "என் எழுத்து எது சார்?"

"அந்த 'வாங்க'ல 'வா' சரியா அமையலை. நீங்க சொல்லுங்கோ, பாப்போம்."

தனபாலன் தொண்டையைச் செருமி, லேட்டாக வரும் பையனைக் கூப்பிடும் அதே குரலில் "வா" என்றார். சார் அதைச் சேமித்தார். இனி அழிப்பதென்றால் முதலாளியையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.