ஆமைகளுக்கு ஒரு மறைப்பு

ஆமை மெதுவாக நடக்கும் என்று சொன்னவர் எவரோ, அவரை என் வீட்டுப் புறவாசலில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். விடிந்தால் நடை, அடைந்தால் நடை. கம்பி வலையை ஒட்டி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. ஓடு வலையில் உரசுகிற சத்தம் அடுப்படி வரை கேட்கும். தோசை வார்க்கும்போது கர், கர். தலை வாரும்போது கர், கர். எனக்குப் பல் கூசும்.

இரண்டும் என் மகள் விட்டுவிட்டுப் போனவை. அவள் நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனாள். போகிற பெண் என்னிடம் ஒப்படைத்தது நகையும் இல்லை நட்டும் இல்லை, இந்த இரண்டு ஆமைகள். கூடப் படித்தவள் கொடுத்ததாம். ஆப்பிரிக்கப் பக்கத்துத் தரை ஆமைகள், வனத்துறையில் முறையாகப் பதிந்து வைத்தவை. நம்மூர் நட்சத்திர ஆமை என்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று அவள்தான் சொன்னாள். ஒன்று தோசைக்கல் அகலம், மற்றது அதில் பாதி. "யம்மா, பத்திரமாப் பாத்துக்கோ. தெனமும் வீடியோ கால்ல காட்டணும்" என்று விமான நிலைய வாசலில் நின்றும் அதையே சொன்னாள். என்னைப் பத்திரமாக இருக்கச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதுவரை துணி துவைக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்தன. வளர்கிற உயிருக்கு அது எப்படிப் போதும்? வீட்டுக்குள் விடலாம் என்றால் என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். "வளக்கதுன்னா வள. ஆனா ஆமை வாசப்படி தாண்டி உள்ள வரப்படாது. சொல்லிட்டேன்." துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு பெரிசு கண்டெய்னரை அந்தரத்தில் தூக்கிக் கப்பலில் வைப்பார். அவருக்கு இந்தத் தோசைக்கல்லைக் கண்டு பயம். ஊர் முழுக்க உள்ள பயம்தான், அவரை மட்டும் சொல்லி என்ன செய்ய?

ஆக, புறவாசலில் கூண்டு. மேலே தகரம், நாலு பக்கமும் கம்பி வலை. வலை என்னுடைய யோசனை. அப்போதுதான் போனில் பளிச்சென்று தெரியும். தரைக்குக் கடல் மணல், அது அவருடைய யோசனை. "ஆமை மணலத் தோண்டித்தான முட்டையிடும்?" என்று கடற்கரையிலிருந்து சாக்கில் அள்ளி வந்து கொட்டினார். கடலோரத்தில் பிறந்த மனுஷருக்கு ஆமை என்றால் கடலாமைதான். நானும் ஆமாம் ஆமாம் என்று மண்டையை ஆட்டினேன்.

தினமும் சாயங்காலம் டியூட்டிக்குப் போகுமுன் மகள் கூப்பிடுவாள். எடுத்ததும் முதல் வார்த்தை, "காட்டு." நான் போனைத் திருப்பிப் பின்பக்கக் கேமராவில் ஆமைகளைக் காட்டுவேன். அவள் முகம் எனக்குத் தெரியும், என்னில் அவளுக்குத் தெரிவது செம்பருத்தி இலை நீட்டுகிற கை மட்டும். "பெரியவன் வளந்துட்டான்லா? சின்னவன் தின்னானா?" ஏளா, நான் தின்றேனா என்று ஒரு நாள் கேளேன் என்று நாக்கு நுனி வரை வரும். கேட்க மாட்டேன். கேட்டு, அவள் சலித்துக்கொண்டு, நாளைக்குக் கூப்பிடாமல் விட்டால்? இந்த இரண்டு ஓடுகளும் இருக்கிற வரைக்கும் போன் அடிக்கும். அந்தக் கணக்கில்தான் நான் அதுகளுக்கு இலை பறித்தேன்.

அதுகளோ நடந்தன. சின்னதுக்கு வலையில் முட்டி முட்டி மூக்கு தோலுரிந்து போயிற்று. கண்ணும் சிவந்து வீங்கியது. கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஆமையோடு ஒருத்தி நின்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். டாக்டர் கண்ணைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, "தரை ஆமைக்கு உப்பு மணல் எதுக்கும்மா? சாதா மண்ணு போடுங்க. தகரம் வேண்டாம், வெந்துபோகும்" என்றார்.

மணலை வாரி எறிந்துவிட்டுச் செம்மண் போட்டோம். தகரத்தைக் கழற்றிவிட்டுப் பனை ஓலை வேய்ந்தோம். கண் தெளிந்தது. ஆனால் நடை நிற்கவில்லை. கச்சான் காற்று அனலாக வீசுகிற மத்தியானத்திலும் நடை. அதுகள் நடக்க, நானும் அடுப்படிக்கும் புறவாசலுக்குமாக நடந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. வீட்டுக்காரர், "அதுவளும் நடக்கு, நீயும் நடக்க. எனக்குத் தலை சுத்துதுளா" என்றார். வந்த கோபத்தில் அந்தக் குழம்பையே அவருக்கு ஊற்றினேன்.

பிறகு சின்னது தீனியை விட்டது. செம்பருத்தி இலை காய்ந்து சருகாகக் கிடந்தது. அவளிடம், "இப்பதான் தின்னான், வயிறு நெறஞ்சிருக்கு" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஒரு நாள் கொடியில் இடமில்லாமல் போர்வையைக் கூண்டு மேல் உலர்த்தினேன். வாசல் பக்கத்து வலை முழுக்க மறைந்தது. திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பக்கம் நடை இல்லை! போர்வை இல்லாத பக்கத்தில் மட்டும் கர், கர். போர்வையை அங்கே மாற்றிப் போட்டேன். நடை இங்கே வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதுக்கு வெளிய தெரியுது, போவ வழி தெரியல. அதான் கெடந்து அலையுது. முழுசா மறச்சிரு" என்றார்.

"மறச்சிட்டா போன்ல என்னத்தக் காட்ட?"

"ஓலையக் காட்டு."

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமை தெரியாவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடுவாள்? என்னிடம் பேச அவளுக்கு என்ன இருக்கிறது? கரண்ட் பில், முருங்கை விலை, அப்பாவின் சுகர். உள்ளே சின்னது மூக்கை வலைக் கண்ணில் நுழைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறிக்கொண்டிருந்த இடத்தில் மறுபடி ரத்தம். சீ, என்ன பிழைப்பு இது என்று ஆகிவிட்டது.

மறுநாள் அவரையே வேலை வாங்கினேன். பழைய பலகைகளை வலையைச் சுற்றி அடித்தார். காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி, மூன்று பக்கமும் சிமெண்ட் கல் அடுக்கி, மேலே பலகை பரப்பி, அதன் மேல் மண்ணும் ஓலையும் போட்டு, பெரியது குனிந்து நுழைகிற அளவுக்கு வாய் விட்டு, கூண்டுக்குள்ளேயே ஒரு பொந்து. மழைத் தண்ணீர் தேங்காமலிருக்கத் தரையை ஒரு சாண் உயர்த்தினோம். ஆமையை வாசற்படி ஏற்றாதவர், அதுகளின் வாசற்படியை மட்டும் கையால் தடவித் தடவிச் சமன் செய்தார்.

பெரியது ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே போனது. சின்னது பின்னாலேயே போனது. புறவாசலில் சத்தமே இல்லை. அடுத்த சில நாளில் காலை வெயிலில் இரண்டும் வெளியே வந்து கருக்குக் கருக்கென்று இலை தின்றுவிட்டு, வெயில் ஏறுமுன் உள்ளே அடைந்தன. சின்னதும் தின்றது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே, பொந்துக்குள் போன அன்றைக்குச் சாயங்காலமே, போன் அடித்ததே!

"காட்டு."

காட்டினேன். பலகை, ஓலை, இருட்டாக ஒரு வாய்.

"எங்க?"

"உள்ள இருக்குளா. இப்பதான் அடங்கிச்சு. சின்னவனுக்கு மூக்குல புண்ணு, ஒங்கிட்ட சொல்லல. கொஞ்ச நாளாத் தின்னவும் இல்ல. வெளிய தெரிஞ்சா நடந்துக்கிட்டே இருக்கு, அதான் மறச்சோம். வேணும்னா தூக்கி..."

"தூக்காத. கெடக்கட்டும்."

வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யம்மா, போனத் திருப்பு."

"எந்தப் பக்கம்? கொல்லையவா?"

"ஒன் பக்கம்."

பொத்தானைத் தேடி அமுக்கினேன். திரையின் மூலையில் என் மூஞ்சி வந்தது. வேர்வை, மண், கலைந்த தலை. பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கறுத்துட்டியேம்மா."

"வெயில்ல நின்னு கல்லடுக்குனா வெளுக்கவா செய்யும்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. "ஒன்னப் பாத்தா அழுதுருவேம்மா. பெறவு டியூட்டிக்குப் போவ முடியாது. அதான் வந்ததுலேருந்து அதையே காட்டச் சொன்னேன்" என்றாள்.

கோபம் வந்தது எனக்கு. இத்தனை மாசம் என்னை என்ன பாடு படுத்திவிட்டாள்!

"அழுதா அழு" என்றேன். "நான் எங்கயும் போவல. இங்கனதான் நிக்கேன்."