நாலு டயருக்குக் காற்று

கப்பி ரோடு தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஹமீது சுல்தான் கைப்பம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் பலகைமேல் படுத்திருந்த ராக்குவுக்கு அப்போது உயிர் இருந்தது.

அது 1957-ஆம் வருடச் சித்திரை. மாரியூர்க் கடற்கரையில் அன்று காலையில்தான் ராக்குவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்குக் குறை ஒன்றுமில்லை. தாய்க்குத்தான் உதிரப்போக்கு நிற்கவில்லை. சாயல்குடியிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்த நர்ஸ் முத்தழகு தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்துவிட்டு, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். ஊரில் அப்போது நின்ற ஒரே வண்டி, மீன் ஏற்ற வந்திருந்த ஜீப்.

கடற்கரையிலிருந்து ரோடு வரைக்கும் மூன்று மைல் குறுமணல். டயரில் காற்று முழுசாக இருந்தால் சக்கரம் புதைந்துவிடும். பாதிக் காற்றை இறக்கிவிட்டால் டயர் தட்டையாகி மணல்மேல் படிந்து ஓடும். ஆனால் அதே டயரோடு ரோட்டில் ஏறி வேகமாக ஓட்டினால் சூடாகி, டியூப் கிழிந்துபோகும். அதனால் மணலுக்குள் போகும்போது காற்றை இறக்க வேண்டும், ரோட்டுக்கு வந்ததும் நாலு டயருக்கும் கையால் அடித்து ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேர வேலை. எட்டு வருடமாக ஹமீது சுல்தான் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ராக்குவின் புருஷன் சேதுராமன் வண்டியிலிருந்து குதித்து வந்து, இப்படியே போக முடியாதா என்று கேட்டான். டயர் வெடித்தால் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்றார் ஹமீது. அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணமும் இல்லை. போன வருடம் இரண்டு டயர் கிழிந்தபோது, இனி ஒரு டயர் கெட்டாலும் வண்டிப் பக்கமே வரக்கூடாது என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். பம்பை மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிக்கும்போது அந்தச் சொல்தான் அவர் காதில் இருந்தது.

இரண்டு டயருக்குச் சேதுராமன் பம்பை வாங்கி அவனே அடித்தான். நாலாவது டயர் முடிந்து வண்டி கிளம்பியபோது ராக்குவுக்கு நினைவில்லை. ஏர்வாடி விலக்கைத் தாண்டியதும், கூட வந்த முத்தழகு நாடியைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார்.

சேதுராமன் அழவில்லை. ஹமீதுக்கு முன்னால் வந்து நின்று, "டயரப் பாத்த பாய். என் பொண்டாட்டியப் பாக்கல" என்றான். அதற்குப் பிறகு, உடலைத் திரும்ப மாரியூருக்குக் கொண்டுபோய் இறக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது ஹமீது காற்றை இறக்க நிற்கவில்லை. வண்டி மூன்று இடத்தில் மணலில் சிக்கியது. ஊர்க்காரர்கள் வந்து தள்ளினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஹமீது சாயல்குடிக்குப் போய் முத்தழகைப் பார்த்தார். கேட்க வந்ததை அவரால் கேட்க முடியவில்லை. முத்தழகே சொன்னார்: "முக்கா மணி முன்னாடி போயிருந்தாப் பொழைச்சிருப்பான்னு சொல்ல மாட்டேன். பொழைச்சிருக்க மாட்டான்னும் சொல்ல மாட்டேன்."

ஹமீது சுல்தான் கீழக்கரையில் பிறந்தவர். சொந்தக்காரர்கள் எல்லாம் தோணியிலும் வியாபாரத்திலும் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இவர் சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தார். திரும்பி வந்து, ராமநாதபுரத்தில் மீன் வியாபாரம் செய்த காதர் மைதீனிடம் வேலைக்குச் சேர்ந்தார். பட்டாள ஏலத்தில் எடுத்த ஜீப் அது. ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் இவர் வேலை. முன்கோபி என்று பெயர் எடுத்தவர். ஸ்பானரை வீசி எறிவார், ஐந்து நிமிடத்தில் அவரே போய் எடுத்து வருவார். ராக்கு இறந்த பிறகு வந்த கோபம் அந்த வகையில்லை. அது அடங்கவில்லை.

முதலில் முதலாளியிடம் போனார். என்ஜின் சுற்றும் வேகத்திலேயே காற்று ஏற்றுகிற ஒரு கம்ப்ரசரை வண்டியிலேயே பொருத்தலாம், இம்பாலில் பட்டாள ஜீப் ஒன்றில் பார்த்திருக்கிறேன் என்று விளக்கிச் சொன்னார். காதர் மைதீன் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி அனுப்புகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கைப்பம்பு இருக்குல்ல ஹமீது? அது மீன் வண்டி. ஆசுபத்திரி வண்டியில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் ஹமீதால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜீப்புக்கு ஓட்டம் கிடையாது. வண்டி இவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறி, பழைய இரும்புக் கடைகளில் தேடினார். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்ப்ரசர் ஒன்று மோட்டார் கருகிக் கிடந்தது. பிஸ்டனும் வால்வும் நல்ல நிலையில் இருந்தன. கடைக்காரரின் லாரி ஒன்று ஓடாமல் கிடந்தது. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் போய் அந்த என்ஜினைப் பிரித்து மாட்டிக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாகக் கம்ப்ரசரையும் பட்டாள லாரியில் பிரேக்குக்குக் காற்று அடைத்து வைக்கிற டேங்க் ஒன்றையும் வாங்கி வந்தார்.

பானெட்டைத் திறந்து இடம் பார்ப்பதிலேயே ஒரு நாள் போனது. டைனமோவுக்கு மேலே ஒரு சாண் இடம் இருந்தது. கனத்த இரும்புத் தகட்டை வளைத்து ஒரு தாங்கி செய்து, என்ஜினோடு சேர்த்து போல்ட் போட்டார். என்ஜினின் முன்பக்கப் புல்லியில் ஒரு பள்ளம்தான் இருந்தது. அது ஃபேன் பெல்ட்டுக்கு. லேத்துப் பட்டறையில் இரண்டு பள்ளம் வைத்துப் புதுப் புல்லி கடைந்து வாங்கி மாட்டினார். டேங்க் பின்சீட்டுக்கு அடியில் போனது. ஸ்பிரிங்கும் குண்டும் வைத்து, அளவுக்கு மேல் காற்று ஏறினால் தானே திறந்து வெளியே விடுகிற வால்வு ஒன்றையும் செய்தார். அது இல்லாமல் டேங்க் வைப்பது வெடிகுண்டை வைப்பதற்குச் சமம் என்று பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முதல் ஓட்டத்தில் பெல்ட் தெறித்து ரேடியேட்டர் ஹோஸை அறுத்தது. கொதிக்கிற தண்ணீர் அவர் முழங்கையில் கொட்டியது. ஹமீது கையில் இருந்த சுத்தியலால் தாங்கியை ஓங்கி அடித்தார். அந்த அடி ராக்குவின் சாவுக்கா, முதலாளிக்கா, தனக்கா என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி ஓங்கினார்.

அவர் மனைவி உம்மு ஹபீபா உள்ளேயிருந்து எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். முழங்கையைப் பிடித்து எண்ணெயைத் தடவிக்கொண்டே, "கோவம் எங்கயும் போகாது, அது கெடக்கட்டும். பெல்ட்டு ஏன் தெறிச்சுச்சுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தார். தாங்கி என்ஜினின் ஆட்டத்தில் அரை விரல்கடை விலகியிருந்தது, இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இல்லை. தகட்டுக்கு அடியில் குறுக்காக இன்னொரு கை கொடுத்து முட்டு வைத்தார். பெல்ட்டை இறுக்கவும் தளர்த்தவும் போல்ட் ஓட்டைகளை நீளமாக அராவினார். அடுத்த ஓட்டத்தில் பெல்ட் நின்றது. ஆனால் கம்ப்ரசரிலிருந்து வந்த காற்றின் சூட்டில் ரப்பர் குழாய் இளகி ஊதிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு, செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, ஃபேன் காற்று படுகிற இடத்தில் ஓடவிட்டார். மூன்றாவது ஓட்டத்தில் எல்லாம் நின்றது. என்ஜினை அணைத்துப் பெல்ட்டை மாட்ட ஒரு நிமிடம். பிறகு ஸ்டார்ட் செய்து கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால், நாலு டயரும் ஒன்பது நிமிடத்தில் ஏறின. வாசலில் உட்கார்ந்து நாலு தடவை இறக்கி, நாலு தடவை ஏற்றிப் பார்த்தார். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

காதர் மைதீனுக்கு மிகவும் சந்தோஷம். ரயில் கிளம்புவதற்கு முன்பே மீன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது, ஐஸ் குறைவாகக் கரைந்தது. வருகிற வியாபாரிகளிடம் எல்லாம் பானெட்டைத் திறக்கச் சொல்லி, நம்ம ஏற்பாடு என்று காட்டினார். ஹமீது பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்பார்.

மறு வருடம் ஆடிக் காற்றில் மாரியூர் வள்ளம் ஒன்றின் பாய்மரம் முறிந்து, ஒரு மீனவரின் தொடையில் விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அன்றைக்கு முதலாளியும் கடற்கரையில் இருந்தார். ஜீப்பில் மீன் கூடைகள் ஏறியிருந்தன. ஆளை ஏற்ற வேண்டும் என்று ஹமீது சொன்னதும், ரயிலுக்கு நேரமாகிறது, மீனைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து ஆளை ஏற்று என்றார் காதர் மைதீன்.

ஹமீது பின்கதவைத் திறந்து முதல் கூடையைத் தூக்கி மணலில் வீசினார். ஐஸும் மீனும் சிதறின.

"அடுத்த கூடையத் தொட்டா, நாளைக்கு நீ இந்த வண்டியில ஏறக்கூடாது" என்றார் முதலாளி.

"நாளைக்கு ஏறல. இன்னைக்கு ஏறுறேன்" என்றார் ஹமீது. மீதிக் கூடைகளையும் இறக்கினார். கூட்டத்திலிருந்து வந்து காயம்பட்டவரின் கால்மாட்டைப் பிடித்து ஏற்றியவன் சேதுராமன். ஹமீதின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அந்த மீனவர் பிழைத்தார். கால் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார், ஆனால் மறுபடி கடலுக்குப் போனார்.

மறுநாள் காலை ஹமீது சாவியைக் கொடுக்கப் போனார். கையில் ஸ்பானர்களும் இருந்தன. முதலாளி வீட்டு முற்றத்திலேயே ஜீப்பின் பானெட்டைத் திறந்து கம்ப்ரசரைக் கழற்றத் தொடங்கினார். காதர் மைதீன் வெளியே வந்து, என் வண்டியில் இருப்பது என் சொத்து என்றார்.

"உங்க வண்டி அங்கனயே நிக்கிது. உங்க பம்பும் இருக்கு. இது நான் செஞ்சது" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் தலை நிமிராமல் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். பழைய பெல்ட்டைச் சரியாக மாட்டி, என்ஜினை ஓட்டிப் பார்த்தார். போகும்போது கைப்பம்பை டிரைவர் சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

புது டிரைவர் மூன்றாம் நாள் மாரியூருக்குப் போனபோது கூடைகள் வரவில்லை. பிடித்த மீனையெல்லாம் ஊர்க்காரர்கள் உப்புப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். நோய்நொடி என்றால் ஜீப் முதலில் ஆளைத்தான் ஏற்ற வேண்டும், காற்று மெஷின் வண்டியில் இருக்க வேண்டும், பாய்தான் ஓட்ட வேண்டும். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் மீன் வரும், இல்லையென்றால் கருவாடுதான் என்று சேதுராமன் சொல்லி அனுப்பினான். பதினோரு நாள் ஜீப் வெறுமனே போய் வெறுமனே வந்தது.

இதை முத்தழகு மூலம் கேள்விப்பட்டதும் ஹமீதுக்கு எரிச்சல்தான் வந்தது. என் சார்பாகப் பேச இவர்களை யார் கேட்டது, பிச்சையெடுத்து எனக்கு வேலை வாங்கித் தருகிறார்களா என்று வீட்டில் கத்தினார்.

"உங்களுக்காகப் பேசலங்க" என்றார் உம்மு ஹபீபா. "அவுக வீட்டுப் பொம்பளைகளுக்காகப் பேசுறாக. நீங்க இதுல நடுவுல நிக்கிற ஆளு, அம்புட்டுத்தான்."

ஹமீது அதற்குப் பிறகு கத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள் காதர் மைதீன் தன் கணக்குப்பிள்ளையை அனுப்பினார். ஹமீது கம்ப்ரசரோடு போய், கழற்றிய அதே முற்றத்தில் மறுபடி மாட்டினார். இந்தத் தடவை தாங்கியில் இரண்டு போல்ட் கூடுதலாகப் போட்டார். வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் முதலாளியோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் கணக்குப்பிள்ளையிடம் சொல்வார். முதலாளி பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். ஐந்து வருடம், ஜீப் தேய்ந்து விற்றுப்போகிற வரைக்கும் இது நடந்தது. காதர் மைதீனும் பழகிக்கொண்டார்.

சேதுராமனும் ஹமீதிடம் பேசவில்லை. கூடைகளை ஏற்றுவான், எண்ணிக்கை சொல்வான், போய்விடுவான். அவனிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை ஹமீது வண்டியிலிருந்து இறங்கினார். இரண்டு தடவையும் சேதுராமன் வேறு பக்கம் நடந்தான். பிறகு அவர் இறங்கவில்லை. அது அவன் உரிமை என்று விட்டுவிட்டார்.

அந்த ஐந்து வருடத்தில் மாரியூரிலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் முப்பதுக்கு மேற்பட்டவர்களை அந்த ஜீப் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனது. பாதிக்கு மேல் பிரசவம். எல்லோரும் பிழைக்கவில்லை, பெரும்பாலானோர் பிழைத்தார்கள்.

ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணை விட்டுவிட்டுத் திரும்பும்போது, எத்தனை உயிர் உங்களால் நின்றது தெரியுமா பாய் என்று முத்தழகு ஆரம்பித்தார். ஹமீது வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அதச் சொல்லாதீக நர்சம்மா. இந்த மெஷின நான் இம்பால்லயே கண்ணால பாத்தவன். இதே கை, இதே மூளைதான். எட்டு வருசம் கையால அடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தி சாகுற வரைக்கும் எனக்குத் தோணல. முதலாளி மேல எனக்கு இருக்கிற கோவம் கொஞ்சந்தான்."

ஹமீது இறங்கிப் பானெட்டைத் திறந்து, தேவையே இல்லாமல் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். மூடிவிட்டு வந்து வண்டியை எடுத்தார். சாயல்குடியில் அன்றைக்கு இன்னொரு பிரசவம் காத்துக்கொண்டிருந்தது.